பேசி வைத்த குற்றம்

முகத்தை மறைக்கும் வேலையில் எனக்குக் கை பழகியிருந்தது. வீடியோவில் ஒரு பெண் தலையைத் திருப்பினால் அவள் முகத்தின் மேல் போட்ட மங்கலும் கூடவே திரும்ப வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் கன்னமோ காதோ வெளியே வந்துவிடும். வட கொரியாவிலிருந்து ஓடிவந்தவளின் முகம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அண்ணன் இன்னும் அங்கே, சீன எல்லை ஆற்றங்கரையில் இருக்கும் ஹேசானில்தான் இருக்கிறான். அங்கே என்னை ஆற்றில் மூழ்கிச் செத்தவள் என்று பதிந்திருக்கிறார்கள். செத்தவள் ஏதோ ஒரு திரையில் சிரித்துக்கொண்டிருந்தால் அவன் தொலைந்தான்.

அதனால் பேராசிரியர் ஹான் என்னை நம்பினார். "சுன்சிம் பார்த்தாச்சுன்னா நான் பார்க்க வேண்டியதில்ல" என்று மற்றவர்களிடம் சொல்வார். தெற்கத்திக்காரர், நல்ல மனுஷி. அகதிப் பெண்களின் வாழ்க்கையை அவர்களே படமெடுத்து, அவர்களே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவருடைய ஆய்வு. அதில் நான் இரண்டு வருட ஒப்பந்தத்தில் உதவியாள். அதற்கு முன் நாம்தோங் தொழிற்பேட்டையில் கார்களுக்கான ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்குத் திரும்பிப் போவதைவிட எதையும் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். செய்தும் விட்டேன்.

எட்டுப் பெண்கள். எல்லோரும் இன்ச்சொனில் எங்கள் நோன்ஹ்யோன் அடுக்குமாடிகளில் இருப்பவர்கள். ஆளுக்கொரு கேமரா கொடுத்து இரண்டு வாரம் விட்டோம். படங்கள் வந்தன: சலவை இயந்திரம், லிஃப்ட், பேருந்து நிறுத்தத்துப் பூச்செடி. வட்டமாக உட்காரவைத்து, அவர்கள் பேசுவதைப் பதிய வீடியோவை ஓடவிட்டோம். "இது எங்க வீட்டு சலவை இயந்திரம். ரொம்ப நல்லா இருக்கு. உதவி செஞ்ச எல்லாருக்கும் நன்றி." அடுத்தவள்: "இது லிஃப்ட். ரொம்ப வசதி. நன்றி." எட்டுப் பேரும் நன்றி சொல்லி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

தென் கொரியாவில் வந்து இறங்கியதும் அரசாங்க ஆட்கள் மாதக்கணக்கில் ஓர் அறையில் உட்காரவைத்து எங்களை விசாரித்தார்கள். மேசை மேல் ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தாலே எங்களுக்கு நன்றி வந்துவிடும். பேராசிரியருக்கு அது தெரியாது.

என்னைத் தனியாக அழைத்து, "இவங்க என்கிட்ட பேசுறாங்களா, இல்ல அரசாங்கத்துக்கிட்ட பேசுறாங்களா?" என்று கேட்டார். அப்புறம் வருத்தத்தோடு, "அடுத்த அமர்வும் இப்படியே போச்சுன்னா ஆய்வ நீட்டிக்க மாட்டாங்க சுன்சிம். உன் வேலையையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றுவரை அந்த யோசனைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வடக்கில் வளர்ந்த யாருக்கும் சனிக்கிழமைக் கூட்டத்தை விளக்க வேண்டியதில்லை. பள்ளி, பண்ணை, தொழிற்சாலை எங்கே இருந்தாலும் வாரத்துக்கொரு முறை வட்டமாக உட்கார வேண்டும். எழுந்து நின்று முதலில் நம் குற்றத்தை நாமே சொல்ல வேண்டும். பிறகு அங்கே இருக்கும் இன்னொருவருடைய குற்றத்தைச் சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர் எழுந்து, "ஒப்புக்கொள்கிறேன், திருத்திக்கொள்கிறேன்" என்று தலை குனிய வேண்டும். யாரும் தப்ப முடியாது. அதனால் எல்லோரும் ஒரு ஜோடி வைத்திருப்போம். கூட்டத்துக்கு முன்னால் ஒதுக்குப்புறமாகப் பேசிக்கொள்வோம்: இந்த வாரம் நான் தாமதமாக வந்தேன் என்று நீ சொல், உன் மண்வெட்டி துருப்பிடித்தது என்று நான் சொல்கிறேன். எனக்கு ஹேசானில் அப்படி ஒருத்தி இருந்தாள். ஆறு வருடம் வாராவாரம் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தோம். ஒருநாளும் உண்மையைச் சொல்லிக் காட்டிக்கொடுத்ததில்லை. பேசி வைத்ததைத் தாண்டி ஒரு சொல் சொன்னவளோடு ஊரில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

இரண்டாவது அமர்வுக்கு முன்னால் நான் சொன்னேன்: "அக்காமாருங்களா, இன்னிக்கு நாம சனிக்கிழமைக் கூட்டம் போடலாமா? சும்மா விளையாட்டுக்கு."

சோக்புன் பெரியக்கா தொடையைத் தட்டிச் சிரித்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, பன்றிக்கறிச் சாப்பாட்டுக்கடையில் வேலை. "அடிப்பாவி, அதுலேர்ந்து தப்பிக்கத்தான ஆத்துல குதிச்சேன். இங்கயும் வந்து போடச் சொல்றியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதல் தடவையாக அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பேராசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

இடைவேளையில் யோங்ரன் அக்கா காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் என் கையைப் பிடித்தாள். குடியேற்றப் பயிற்சி நாட்களில் எனக்கு அடுத்த கட்டில் அவளுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இந்த நாட்டில் எனக்கு உறவு என்று இருப்பது அவள் மட்டும்தான்.

"நீ என் ஜோடி" என்றாள். "என்னைப் பத்தி என்ன சொல்லப்போறே?"

"காப்பில சக்கரை அதிகம் போடறேன்னு சொல்றேன்."

"சரி. நீ எப்பவும் லேட்டுன்னு நான் சொல்றேன். அது பொய்யும் இல்ல." சிரித்துக்கொண்டே சக்கரையை இன்னொரு முறை தட்டிக்கொண்டாள்.

கூட்டம் களைகட்டியது. சோக்புன் பெரியக்கா எழுந்து, முதலாளியம்மா பார்க்காதபோது கறித்துண்டு தின்பதை ஒப்புக்கொண்டார். தன் ஜோடியைப் பார்த்து, "தோழருக்குத் தெற்கத்திப் பேச்சு வந்துடுச்சாம், போன்ல பேசும்போது மூக்கால பேசறாங்க" என்றார். அந்தத் தோழர் எழுந்து ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வதாகச் சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் பேராசிரியரின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தார், கண் மட்டும் கடிகாரத்துக்குப் போனது. இதுவும் சலவை இயந்திரம்தான், கொஞ்சம் சத்தம் கூடிய சலவை இயந்திரம் என்று எனக்குப் புரிந்தது.

யோங்ரனின் படத்தைத் திரையில் போட்டார்கள். ஒரு கிண்ணம், அதில் கடல்பாசி சூப். கிண்ணத்தின் உள்பக்கம் நீல மீன் வரைந்திருந்தது. விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. "இது என் காலைச் சாப்பாடு. ருசியா இருந்துச்சு" என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள்.

என் முறை. எழுந்து நின்றேன். நான் தாமதமாக வருபவள் என்று என் குற்றத்தைச் சொன்னேன். பிறகு யோங்ரனைப் பார்த்தேன். சக்கரை என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது.

"தோழர் யோங்ரன் பொய் சொல்றாங்க" என்றேன். "அது காலைச் சாப்பாடு இல்ல. அன்னிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பையனோட பொறந்தநாள். பெத்தவதான் அந்த சூப்பைக் குடிக்கணும்னு வருஷா வருஷம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, தனியா நின்னு குடிக்கறாங்க."

வாய்தவறிச் சொன்னேன் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் சொன்னேன்.

யோங்ரன் எழுந்தாள். பழக்கம் அது, உடம்பு தானாகவே எழுந்துவிடும். "ஒப்புக்கொள்கிறேன்" என்றாள். "திருத்தி" என்று தொடங்கி நின்றுவிட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பதினோரு நிமிடம். இருபத்தேழு வயதில் தன்னைச் சீனாவில் ஒரு மக்காச்சோள விவசாயிக்கு விற்றதை, மகன் ஹாவ் பிறந்ததை, போலீஸ் வீடு வீடாக வந்து வடக்கத்திப் பெண்களைப் பிடித்த வருடம் ஐந்து வயதுப் பிள்ளையிடம் சோயா சாஸ் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்ததை. "இன்னும் வாங்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "அங்க பொறந்தநாளுக்கு நூடுல்ஸ்தான் செய்வாங்க. இப்படி ஒரு சூப் இருக்குன்னே அவனுக்குத் தெரியாது." சோக்புன் பெரியக்கா வாய்விட்டு அழுதார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

அங்கே இருந்த எங்கள் எல்லோருக்கும் அந்தப் பையனைத் தெரியும். தெரியாத ஒரே ஆள் யோங்ரனின் புருஷன்.

க்வோன் மாமா தெற்கத்திக்காரர். பாய்லர் பழுது பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், கலகலப்பானவர். முதல் மனைவி ஆறு வருடம் இன்னொருவனோடு தனிக்குடித்தனமே நடத்தியிருக்கிறாள். தெருவெல்லாம் தெரிந்தும் கடைசியாகத் தெரிந்துகொண்டது இவர்தான். யோங்ரனைக் கட்டிக்கொள்ளும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "உனக்கு முன்னாடி என்ன இருந்தாலும் பரவாயில்ல. எனக்குத் தெரியாம மட்டும் எதுவும் இருக்கக் கூடாது." அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இந்த ஒரு கூரையும் போய்விடுமோ என்று பயந்தாள். பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கடினமாகிப்போனது. நான்கு வருடம் ஆகிவிட்டது.

அன்று கிளம்பும்போது யோங்ரன் என்னைத் திட்டவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சக்கரைன்னுதான பேசினோம்" என்றாள். அப்புறம், "வெட்டிடு. அந்தப் பேச்சு இருக்கக் கூடாது" என்றாள்.

"வெட்டிடறேன்க்கா."

வெட்டவில்லை. பேராசிரியர் அந்தப் பதினோரு நிமிடத்தை மூன்று முறை பார்த்தார். "இதுக்காகத்தான் இந்த ஆய்வே. ஆனா அவங்க சம்மதம் தனியா வேணும். கண்காட்சில போடறதுக்குன்னு தனிப் படிவம் இருக்கு. புரியவச்சு வாங்கு. அவங்க வேண்டாம்னா வேண்டாம்" என்றார். சரியாகத்தான் சொன்னார். அவர் மேல் ஒரு சொல்லும் வைக்க எனக்கு வாய் இல்லை.

யோங்ரன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். மதியம் பின்கதவில் போய் நின்றேன். ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இது எதுக்கு?"

"கண்காட்சிக்கு. உன் சூப் படத்தை ஒரு மூலைல வைப்பாங்க. பேரு கிடையாது."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்ப சரி." கையெழுத்துப் போட்டாள். "அந்தப் படத்தோட பிரதி எனக்கு எப்ப தருவீங்க? பெருசா, சட்டம் போட்டு."

"கண்காட்சி முடிஞ்சதும்."

"அதுக்கு முன்னாடி தர முடியாதா?"

"விதி அப்படி" என்றேன். அப்படி ஒரு விதியும் இல்லை. கேட்டு வாங்க எனக்குச் சோம்பல். 'காணொளிப் பதிவு' என்ற கட்டத்தில் பிறகு நானே குறியிட்டேன்.

முகத்தை மட்டும் ஒழுங்காக மறைத்தேன். எட்டுப் பேர் முகத்தையும், என்னுடையதையும். குரலை மாற்றினேன். ஆறு என்ற சொல்லை, ஹாவ் என்ற பெயரை எடுத்தேன். பின்னால் சுவரில் இருந்த நாட்காட்டியை மறைத்தேன். ஜன்னலில் தெரிந்த கட்டடத்தை மறைத்தேன். ஒன்றையும் விடவில்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். வடக்கிலிருந்து யார் பார்ப்பார்கள், எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள் என்று மட்டுமே எங்களுக்கு யோசிக்கத் தெரியும். பயம் எப்போதும் அந்தத் திசையிலிருந்துதான் வரும் என்று பழகிவிட்டோம். பக்கத்து வீதியிலிருந்து ஒருவர் நடந்து வந்து பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பரில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கண்காட்சி. சுவரொட்டியில் பேராசிரியர் பெயருக்குக் கீழே என் பெயர். செத்தவள் என்று பதிவானவள் பெயரைப் போடலாமா என்று கேட்டார்கள். போடுங்கள், இங்கே வந்ததும் வைத்துக்கொண்ட புதுக் குடும்பப்பெயரோடு போடுங்கள் என்றேன். அத்தனை ஆசை. இரண்டு சுவரொட்டிகளை எங்கள் குடியிருப்பின் லிஃப்டிலேயே ஒட்டினேன்.

மூன்றாம் நாள் மதியம் க்வோன் மாமா வந்தார். வேலை உடுப்பு, கையில் பத்துப் புட்டி சத்துபானப் பெட்டி. நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பவர்.

"நம்ம சுன்சிம் பேரு போஸ்டர்ல! காலைல பாய்லர் பார்க்கப் போன வீட்லகூடச் சொல்லிட்டேன். இந்தா, குடி. வேலை பாத்துப் பாத்து மூஞ்சியே சுண்டிப்போச்சு."

"அக்கா வரலியா மாமா?"

"அவளுக்குக் கேமரான்னாலே ஆகாதே. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்."

அவரை வேறு பக்கம் திருப்பப் பார்த்தேன். சோக்புன் பெரியக்காவின் கறிக்கடைப் படத்தைக் காட்டினேன். சிரித்தார். லிஃப்ட் படத்தைக் காட்டினேன். "இது நம்ம லிஃப்ட்டாச்சே" என்றார். பிறகு தானாகவே நடந்து போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். சுவரளவுக்குப் பெரிதாக்கியிருந்தோம். அதற்குப் பக்கத்துத் திரையில் முகமில்லாத ஒரு பெண் எழுந்து நின்று, மாற்றிய குரலில் சோயா சாஸ் வாங்கப் போய்க்கொண்டிருந்தாள்.

அவர் முழுதாகக் கேட்டார். அது முடிந்து மறுபடி தொடங்கியது. மறுபடியும் கேட்டார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

"இது எங்கம்மா கிண்ணம்" என்றார்.

நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"இந்தச் சில்லு நான் போட்டது. அம்மா செத்த வருஷம் கழுவும்போது கைநழுவிடுச்சு." படத்தைத் தொடவில்லை, விரலை மட்டும் நீட்டினார். நகத்துக்கடியில் பாய்லர்க் கரி. "மே மாசம் ஒருநாள் வீட்ல கடல்பாசி வாசனை அடிச்சுது. யாருக்குப் பொறந்தநாள்னு கேட்டேன். தின்னணும்போல இருந்துச்சுன்னா." திரும்பி என்னைப் பார்த்தார். "சுன்சிம்மா, நீ பொய் சொல்ல மாட்டே. அது யாரு?"

எட்டுப் பெண்களையும் காப்பாற்றத்தான் முகங்களை அழித்தேன். அழித்த முகத்தில் யார் முகத்தை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அந்த நொடியில் தெரிந்தது.

"நான்தான் மாமா" என்றேன்.

"என்ன?"

"அது நான். அந்தப் பையன் என் பையன். அப்ப நான் இருந்த அறைல அடுப்பு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அக்காதான், எங்க வீட்ல வந்து காச்சிக்கோன்னா. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. கையில கிடைச்ச கிண்ணத்தை எடுத்தேன். மன்னிச்சுடுங்க."

அவர் முகம் எப்படித் தளர்ந்தது என்பதை நான் பார்த்திருக்கக் கூடாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது.

"நான் ஒரு நிமிஷம் என்னென்னமோ நினைச்சுட்டேன். என் பொண்டாட்டியப் போய்... சே." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இவ்வளவு பாரத்தையும் வச்சுக்கிட்டா எங்ககூட உக்காந்து சிரிச்சுப் பேசிட்டிருந்தே? அவளும் வாயே திறக்கல பாரு. நல்ல சிநேகிதிங்க."

அவர் போனதும் பள்ளிச் சமையலறைக்கு ஓடினேன். யோங்ரன் பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டாதது, கட்டத்தில் குறியிட்டது, மாமா வந்தது, நான் சொன்னது. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. முடித்து நிமிர்ந்தாள்.

"ஆக, உனக்குப் பையன் பொறந்திருக்கான்" என்றாள். "வலியில்லாத பிரசவம். நல்லா இருப்பே."

"அக்கா, உன் குடும்பம் போயிடக் கூடாதுன்னுதான்..."

"எதுக்காக அந்தக் கிண்ணத்துல ஊத்தினேன்னு நினைக்கறே? வீட்ல வேற கிண்ணம் இல்லியா?" கையுறையைக் கழற்றினாள். கை சிவந்து ஊறிப்போயிருந்தது. "அவரோட அம்மா கிண்ணம். அந்தப் படத்தை அவர்கிட்டக் காட்டித்தான் சொல்லலாம்னு இருந்தேன். வாயால ஆரம்பிக்க வரல. படத்தைக் காட்டினா, இது எங்கம்மா கிண்ணமாச்சேம்பாரு. ஆமாங்க, உங்கம்மா கிண்ணத்துலதான் என் பிள்ளைக்கு ஊத்தினேன்னு சொல்லிடலாம்னு. பிரதி குடு, பிரதி குடுன்னு உன்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன்."

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன்க்கா. இப்பவே."

"நான் சொல்ல வேண்டியத நீ ஒரு தடவை சொல்லிட்டே. ரெண்டாந்தடவையும் நீயே சொல்லுவியா?" குரல் உயரவில்லை. "உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு. அவர் மூஞ்சியப் பாத்து நீ சொல்லிட்டே. இப்ப நான் போய் நின்னா, நாலு வருஷமா நானும் பொய், நீயும் பொய், ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வச்சு ஏமாத்தினோம்னு ஆகும். ஒரு பொய்ய மன்னிப்பாரு. ஊரே சேர்ந்து மறைச்சத ஒருதரம் பாத்தவரு அவரு."

மறுநாள் பேராசிரியரிடம், படிவத்தில் என் தவறு, அந்தக் காணொளியை எடுத்துவிட வேண்டும் என்றேன். உடனே எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு ஆபத்து ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனால் மூன்று நாள் பார்த்தவர்களில் ஆய்வுக்குப் பணம் தருபவர்களும் இருந்தார்கள். ஆய்வு நீண்டது. எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை கிடைத்தது.

யோங்ரன் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். புருஷன் எதிரில் நிறுத்தவும் முடியாது. புத்தாண்டுக்கு க்வோன் மாமா ஒரு ஜோடி விளையாட்டுக் காலணியோடு என் வீட்டுக்கு வந்தார். "உன் பையனுக்கு அனுப்பு. அளவு தெரியாம கடையில முழிச்சுட்டு நின்னேன். யோங்ரனுக்குப் போன் போட்டா, யோசிக்கவே இல்ல, இருநூத்தி நாப்பது மில்லிமீட்டர்னுட்டா. பெத்தவ உன்னைவிட அவளுக்கு அக்கறை" என்று சிரித்தார். அந்தப் பெட்டியை அப்படியே யோங்ரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சீன எழுத்தில் முகவரி எழுதினாள். அனுப்புபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். வீட்டுக்குப் பதில் வந்தால் அவர் கண்ணில் படுமே.

வாரம் ஒருமுறையாவது அவர் ஹாவைப் பற்றி விசாரிப்பார். சீனாவிலிருந்து யோங்ரனுக்கு ரகசியமாக வரும் சேதிகளை அவளிடம் கேட்டு வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். கணக்கில் நன்றாக வருகிறான், பல் ஒன்று கோணலாக முளைக்கிறது. ஒருநாள் தாங்காமல், "இதை நிறுத்திடலாம்க்கா, பையன் செத்துட்டான்னு சொல்லிடறேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நாலு வருஷம் அந்த வீட்ல அவன் பேரு கிடையாது" என்றாள். "குழாயைத் திறந்துவிட்டுட்டு அந்தச் சத்தத்துல சொல்லிப்பேன். இப்ப என் புருஷன் சாப்பிடும்போது ஹாவ் எப்படியிருக்கான்னு கேக்கறாரு. உன் பையனாவே இருந்துட்டுப் போகட்டும். பேராவது காதுல விழுது."

மே மாதம் பதினேழாம் தேதி காலை ஆறு மணிக்கு மாமாவின் போன் வந்தது. "கிளம்பி வா. இன்னிக்கு உன் பையனுக்குப் பொறந்தநாளாமே. யோங்ரன்தான் ஞாபகம் வச்சிருந்தா. பெத்தவ தனியா உக்காந்து குடிக்கறதெல்லாம் இனிமே வேண்டாம்."

போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யோங்ரன் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது நான் போர்வைக்குள் படுத்திருப்பது என்னால் முடியவில்லை.

வீடு முழுக்கக் கடல்பாசியும் எள்ளெண்ணெயும் மணத்தது. மாமா தாழ்ந்த மேசையைத் துடைத்து வைத்திருந்தார். என்னைத் தலைப்பக்கம் உட்காரவைத்தார். யோங்ரன் சட்டியைத் திறந்து, கரண்டியால் அள்ளி ஊற்றினாள். கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அந்தக் கிண்ணம்தான்.

"அம்மாவோடது. இன்னிக்கு நீதான் இதுல குடிக்கணும்னு நான்தான் சொன்னேன்" என்றார் மாமா. "குடி. பிள்ளையப் பெத்து எத்தனை ரத்தம் போச்சோ."

எனக்குப் பிள்ளை கிடையாது. வயிற்றில் ஒன்றுகூடத் தங்கியதில்லை. கரண்டியை எடுத்தேன். யோங்ரன் எதிரில் உட்காரவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

"இப்ப அவனுக்கு எத்தனை வயசு?" என்று மாமா கேட்டார்.

காலணி அளவு தெரியும், பல் தெரியும், கணக்கு மதிப்பெண் தெரியும். அதை மட்டும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டா, பதிமூன்றா. கரண்டி நடுவழியில் நின்றது. மாமா காத்திருந்தார். அவர் புருவம் மெல்ல ஏறுவதைப் பார்த்தேன்.

"பதிமூணு" என்றாள் யோங்ரன், திரும்பாமல்.

மாமா அவள் முதுகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

யோங்ரன் துணியை அடுப்பின் ஓரத்தில் மடித்து வைத்தாள். திரும்பி, கையை இடுப்பில் ஊன்றி, சனிக்கிழமைக் கூட்டத்துக் குரலில் சொன்னாள்:

"தோழர் சுன்சிம் மேல ஒரு குற்றம் சொல்லணும். பெத்த பிள்ளையோட வயசுகூட ஞாபகம் வச்சுக்கத் தெரியல."

மாமா ஒரு நொடி தயங்கினார். பிறகு வெடித்துச் சிரித்தார். வடக்கத்திப் பெண்களின் இந்த விளையாட்டு அவருக்குத் தெரியும், நாங்கள் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறார். "ஆமா ஆமா, பெரிய குற்றம். எழுந்திரு சுன்சிம்மா, எழுந்து ஒப்புக்கோ" என்று மேசையைத் தட்டினார்.

யோங்ரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

நான் எழுந்து நின்றேன். தலை குனிந்தேன்.

"ஒப்புக்கொள்கிறேன்" என்றேன். அடுத்த சொல் வர நேரமாயிற்று. "திருத்திக்கொள்கிறேன்."

"எப்படித் திருத்துவியாம்?" என்றார் மாமா சிரித்துக்கொண்டே.

"உக்காரு" என்றாள் யோங்ரன். "சூப் ஆறுது. குடி."

உட்கார்ந்தேன். அடியிலிருந்த நீல மீன் தெரியும்வரை குடித்தேன். அவள் வந்து கிண்ணத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றினாள்.